மண்டோர் பெருமாளுக்கு ஆறு பாட்டு

போன வாரம் வாட்ஸாப்பில் ஓர் அழைப்பு வந்தது. அம்பாங்கானில் ஏதோ ஒரு மண்டபத்தில் 'ஒரே நாளில் அந்தாதி' என்று பயிலரங்காம். காலை ஒன்பதுக்குப் பதிவு, பத்தரைக்குத் தேநீர், மதியம் பிரியாணி, மாலை ஐந்து மணிக்கு ஆளுக்கொரு நற்சான்றிதழ். இவற்றுக்கு நடுவே எப்போதாவது கவிதையும் எழுதுவார்கள் போலிருக்கிறது. அனுபவசாலி என்ற முறையில் நான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார்.

"சார், நீங்க அந்தக் காலத்துல எப்படி எழுதுனீங்கன்னு சும்மா ஷேர் பண்ணுங்க லா. இப்ப எல்லாம் போன்லயே எழுதிடலாம். கடைசிச் சொல்லக் குடுத்தா அடுத்த பாட்ட அதுவே எழுதிக் குடுக்குது."

"அப்படின்னா அந்தப் போனையே மேடையில உக்கார வெச்சு மாலை போட்டுடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்னேன். ஆனால் அந்த ஆள் சொன்னதில் எனக்குக் குத்தியது வேறு. போன் இன்று எப்படி எழுதுகிறதோ, அப்படித்தான் நானும் பதினோரு வருடம் எழுதினேன். அதைப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிரம்பானில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. பள்ளியில் ஐந்தாம் படிவத் தேர்வில் கோட்டை விட்டவன், எழுத்துக் கோக்கப் போனேன். ஈயத்து எழுத்து போய்க் கணினி வந்ததும் பிழை திருத்தப் போட்டார்கள். யாப்பை எங்கே கற்றேன் என்று கேட்பார்கள். ஒரு பழைய இலக்கணப் புத்தகமும் இரண்டு வருடத் தலைவலியும்தான். அதற்குமேல் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் அச்சகத்துக்கு வந்த பாட்டு வேலை இரண்டே வகை. ஒன்று கோயில், இன்னொன்று சாவு.

கோயில் வேலை வந்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு தோட்டத்து மாரியம்மன் குடமுழுக்குக்குப் பத்துப் பாட்டில் அந்தாதி கேட்டார்கள். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும், பத்தாவது பாட்டு முடிகிற சொல் முதல் பாட்டின் முதல் சொல்லாக வந்து சேர வேண்டும், அதுதான் அந்தாதி என்று கோயில் தலைவருக்கு விளக்கினேன். மனிதர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அப்ப ஒரு பாட்ட என் பேருல முடிங்க. அடுத்தது என் பேருலயே ஆரம்பிக்கும்ல? ரெண்டு தடவ வந்த மாதிரி ஆச்சு" என்றார். அவ்வளவு வருடத்தில் அந்தாதியின் பயனை இத்தனை சீக்கிரம் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். முடித்துக் கொடுத்தேன். அம்மன் பேர் அந்தப் பத்துப் பாட்டில் ஒரே தடவைதான் வந்தது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கமிட்டியில் இல்லை.

சாவு வேலை வேறு மாதிரி. சிரம்பானில் யாழ்ப்பாணத்தார் வீடுகளில் யாராவது இறந்தால் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சிடுவார்கள். இறந்தவரின் படம், குலம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பாட்டுகள். அதைப் பார்த்துத் தோட்டத்துக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். மாமன் மச்சான் எல்லாருக்கும் பாட்டு வேண்டாம், பிள்ளைக்கு ஒன்று போதும், ஆனால் ஒவ்வொரு பாட்டின் மேலும் பேர் பெரிதாக இருக்க வேண்டும், பதினாறாம் நாள் காரியத்தில் படத்துக்கு முன்னால் எழுதினவரே வந்து படிக்க வேண்டும். இது அவர்கள் சேர்த்துக்கொண்டது.

பாட்டுகளை அந்தாதியாகக் கோக்கச் சொன்னவர் எங்கள் ஃபோர்மேன் சவரிமுத்து. அவர் ஆயுளில் ஒரு வரி எழுதினதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுவதோடு சரி. ஆனால் அடுத்தவன் எழுதினதில் ஓட்டையைக் கண்டுபிடிக்க அவரைப்போல ஆள் கிடையாது. சட்டைப் பையில் இரண்டு சிவப்புப் பேனா. ஒன்று தீர்ந்தால் திட்டு நின்றுவிடக் கூடாதே என்று இன்னொன்று. பாட்டுக் கட்டை மேலிருந்து படிக்கவே மாட்டார். கடைசிப் பாட்டில் தொடங்கி மேலே ஏறுவார். கீழே இறங்கினால் சொல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், ஏறினால்தான் எங்கே வழுக்குகிறது என்று தெரியும் என்பது அவர் கட்சி. பிறகு இரும்பு அடிக்கோலால் ஒரு பாட்டை மறைத்துவிட்டு, மீதியைப் படிப்பார். பாராட்டு என்று வாயிலிருந்து வந்ததில்லை. திட்டவில்லை என்றால் அன்றைக்கு அவர் குடித்த கொப்பி ஓ, கறுப்புக் காப்பி, நன்றாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

எழுதுகிற முறையும் அவர் வகுத்ததுதான். குடும்பத்தார் ஒரு தாளில் பேர்களை வரிசையாக எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளின் இடது ஓரத்தில் முடிச்சுச் சொற்களை முதலில் குறித்துவிட வேண்டும். மழை, படி, வழி, நிழல், விளக்கு. மழையில் முடியும், மழையில் தொடங்கும், படியில் முடியும், படியில் தொடங்கும். முடிச்சுகள் சரியாக விழுந்தபின் நடுவை நிரப்புவது. நடுவுக்குச் சரக்கு எப்போதும் கையில் இருந்தது. தோளில் சுமந்தாய், தோழனாய் நின்றாய், கண்ணுக்குள் வைத்தாய், காணாமல் போனாய். எந்தத் தோட்டத்து அப்பனுக்கும் பொருந்தும். உயிரோடு இருந்த காலத்தில் பிள்ளையைத் தோளில் தூக்காமல் பெல்ட்டால் விளாசின அப்பனுக்கும் அதேதான். யாரும் குறை சொன்னதில்லை. ஒரு காலை வேளையில் ஏழு பாட்டு முடித்துவிட்டு மதியம் பசார் பக்கம் போய் நாசி லெமாக் தின்றுவிட்டு வருவேன். என்னைப்போலக் கோக்க ஆளில்லை என்று எனக்கு நானே மீசையை முறுக்கிக்கொண்ட காலம் அது.

அப்போதுதான் மண்டோர் பெருமாளின் வேலை வந்தது.

ரெம்பாவ் போகிற வழியில் ஒரு தோட்டம். ரப்பர் போய்ப் பாதி செம்பனை ஆகியிருந்த சமயம். பெருமாள் அங்கே முப்பது வருடத்துக்குமேல் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதை எடுத்தவர் அவர்தான்; வராதவர்களைக் கணக்கில் குறிப்பது கிராணி என்கிற கணக்கப்பிள்ளை. இறந்தபோது மனைவி அங்கம்மாவும் ஏழு பிள்ளைகளும். இளைய மகன் ஒரு பள்ளிக்கூடத் தாளில் ஏழு பேரையும் பிறந்த வரிசையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் இரண்டு ஆண், மூன்றாவது சரோஜா, பிறகு நான்கு பேர். நானும் வழக்கம்போல முடிச்சுப் போட்டு, நடுவை நிரப்பி, ஏழையும் கோத்துவிட்டேன்.

அச்சுக்குப் போகும் நாளில் மூத்த மகன் குணசேகரன் வந்தான். செனவாங்கில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். நிற்கிற தோரணையிலேயே அது தெரிந்தது.

"பாஸ், அந்த மூணாவது பாட்ட எடுத்துடுங்க."

"ஏன் தம்பி, ஏதும் பிழையா?"

"பிழையெல்லாம் இல்ல. அவ எங்க குடும்பத்துல இல்ல. அவ்வளவுதான்."

விஷயம் பிறகு தெரிந்தது. சரோஜா அதே தோட்டத்தில் அந்தப் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பக்கம் என்றால் என்ன பக்கம் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நிரையில் பால்மரம் வெட்டுவார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், ஒரே லோரியில் தொற்றிக்கொண்டு தைப்பூசத்துக்குப் போவார்கள். கல்யாணம் என்று வந்துவிட்டால் மட்டும், பாட்டன் கப்பலேறும்போது எதை எதையோ விட்டுவிட்டு வந்தவன், சாதியை மட்டும் மறக்காமல் மடியில் கட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்துவிடும். பெருமாள் நாலு பேர் முன்னால், இனி இவள் பேர் என் பெரட்டில் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அப்பா செத்த சேதி கேட்டு அவள் வரப் பார்த்தபோது, வரவேண்டாம் என்று அண்ணன் ஆள் அனுப்பித் தடுத்திருக்கிறான்.

இவை எதுவும் எனக்கு அன்று கவலையில்லை. என் கவலை முடிச்சு. இரண்டாவது பாட்டு 'நீயிலா வீட்டில் மழை' என்று முடிந்தது. சரோஜாவின் பாட்டு மழையில் தொடங்கிப் படியில் முடிந்தது. நாலாவது, படியில் தொடங்கியது. நடுவில் ஒன்றைப் பிடுங்கினால் மழையும் படியும் ஒட்டாது. குணசேகரன் நின்றுகொண்டே இருந்தான். நான் பேனாவை எடுத்து, 'நீயிலா வீட்டில் மழை'யை 'நீயிலா வீட்டுப் படி' என்று மாற்றினேன். தளை தட்டவில்லை. சங்கிலி ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சரோஜாவின் பாட்டு இருந்த தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன். என் திறமையை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. வெட்கங்கெட்ட சிரிப்பு, இப்போது சொல்கிறேன்.

சவரிமுத்து கீழிருந்து மேலே படித்தார். அடிக்கோலால் மறைத்து மறைத்துப் பார்த்தார்.

"ஒருத்திய எடுத்தியே, எத்தன வரி மாத்தின?"

"ஒரே வரிதான் சார். ரெண்டு சொல்லு."

"ரெண்டு சொல்லுல ஒரு பிள்ள இல்லாம போயிடுதுன்னா, மொதல்ல நீ எழுதினப்ப மட்டும் அது இருந்துச்சாடா?"

ஃபோர்மேன் வழக்கம்போல எரிந்து விழுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் கேட்டுவிட்டு டிக் போட்டு மெஷினுக்கு அனுப்பியதும் அவர்தான். சரியான கேள்வி கேட்பதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்பதை அவரிடம்தான் கற்றேன்.

பதினாறாம் நாள் என் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். கொட்டகை போட்டிருந்தார்கள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படையல். படித்து முடித்ததும் எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் படையலை எடுப்பார்கள், பிறகுதான் பந்தி. கொட்டகையில் பாதிப் பேருக்குக் கண் என்மீது இல்லை, கறிச்சட்டி மீது இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'மூத்த மகன் குணசேகரன் கூறுவது' என்று தொடங்கி, ஆறு பாட்டையும் ராகம் போட்டுப் படித்தேன். எங்கும் தடுக்கவில்லை. 'படி' வந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கூடப் படித்தேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தால், பாயில் உட்கார்ந்திருந்த அங்கம்மா வலது கையையும் இடது கையில் ஒரு விரலையும் மடக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. காலமெல்லாம் பால்வாளி தூக்கின கை.

"தம்பி, ஒன்னு முழுங்கிட்டீங்க."

"இல்லம்மா, எல்லாம் படிச்சேன்."

"இன்னொரு வாட்டி படிங்க."

குணசேகரன், "அம்மா, போதும்மா, சும்மா இருங்க" என்றான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் மூடனைப்போல முதலிலிருந்து மறுபடி ஆறையும் படித்தேன். ஒவ்வொரு பேருக்கும் அவர் ஒரு விரலை மடக்கினார். மடக்கி முடித்துவிட்டு, "இப்பவும் ஆறுதான். நான் ஏழு பெத்தேன்" என்றார்.

மடக்கின விரல்களை என் பக்கம் நீட்டிக் காட்டினார்.

"பெரட்டுல பேரு கூப்புடாம விட்டா, அன்னிக்கு அந்த ஆளு வேலைக்கு வரலன்னுதானே கிராணி எழுதுவாரு? எம்பொண்ணு வரத்தான் பாத்தா தம்பி. இவனுங்கதான் வரவேணாம்னாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லுக்குச் சொல் முடிந்து மாலை கட்டுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் என் அந்தாதியை அப்படிக் கேட்கவே இல்லை. ஒரு சொல் அடுத்ததைத் தொட்டதா இல்லையா என்று இந்தக் கொட்டகையில் ஒருவருக்கும் அக்கறையில்லை. பேர், அடுத்த பேர், அதற்கடுத்த பேர். பெரட்டாகத்தான் கேட்டிருக்கிறார்கள். பதினோரு வருடமும் எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

"அவளுக்கும் எழுதினேம்மா. எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன்."

"அப்ப அதச் சொல்லுங்க. தாளு வேணாம், வாயாலயே சொல்லுங்க."

சொல்ல வாயைத் திறந்தேன். மழை என்று தொடங்கும். படி என்று முடியும். நடுவில் என்ன எழுதினேன் என்று ஒரு சொல்கூட வரவில்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த அம்மாள் காத்துக்கொண்டிருக்கிறார். சொந்தமாக எழுதின பாட்டு, இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எனக்கு ஞாபகம் இல்லை. அவமானமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

"மறந்துடுச்சும்மா."

"அவளப் பத்தி உங்களுக்கு என்னா தெரியும்?"

"ஒன்னும் தெரியாதும்மா. பேரு மட்டும்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். "உக்காருங்க" என்றார். பாயில் இடம் விட்டார். பிறகு புருஷன் படத்தின் பக்கம் தலையசைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இவரு சிரம்பானுக்குப் போறப்பல்லாம் பாரோய்ல எறங்கிடுவாரு. அவ வீட்டுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்பு. அங்க உக்காந்துட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சி வந்துடுவாரு. உள்ள போவ மாட்டாரு. வாய உட்டாச்சில்ல, நாலு பேரு முன்னாடி. எங்கிட்டயும் சொல்ல மாட்டாரு, பாத்தவங்க சொல்லித்தான் தெரியும். ஒரு நாளு சோறு திங்கறப்ப, கேட்டாண்ட கருவேப்பில வெச்சிருக்கா, செவுத்து நெழலு உழுது, வெயிலு பத்தாது, தள்ளி வெச்சிருக்கணும்னாரு. யாருன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல."

புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தேன். கை உடனே படியில் தொடங்கிப் படியில் முடிக்கப் பார்த்தது. இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே கச்சிதமாக உட்காரும், யாரும் தையலைக் கண்டுபிடிக்க முடியாது. நாய் வால் சும்மா நிமிருமா? எழுதின முதல் வரியை அடித்தேன். எதனோடும் ஒட்டாமல், யாப்பைப் பார்க்காமல், அந்த அம்மாள் சொன்னதை மட்டும் எழுதினேன்.

மகள் சரோஜா கூறுவது:

எதிர்ச்சாரியில் உட்கார்ந்தீர்கள் அப்பா,
என் வீட்டுக்குள் வரவில்லை.
கருவேப்பிலைக்கு வெயில் பத்தாது என்று
அம்மாவிடம் போய்ச் சொன்னீர்கள்.
பெரட்டில் என் பேரை விட்டுவிட்டீர்கள்,
செடியை விடவில்லை.

அங்கம்மாவின் காதருகே படித்துக் காட்டினேன். "எனக்கு எதுக்கு? அவருக்குப் படிங்க" என்று படத்தைக் காட்டினார். எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கப் படித்தேன். ராகம் வரவில்லை, சும்மாதான் படித்தேன். குணசேகரன் முகம் கறுத்துப்போய்க் கொட்டகையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டான். பந்திக்கு இலை போட வந்தவர்கள் இலையோடு நின்றார்கள்.

"படையல எடுக்கலாமா ஆத்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எடுக்கக் கூடாது. எம்பொண்ணு வந்து கும்புடணும்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "தம்பி மோட்டார்லதானே வந்தீங்க? இதக் கொண்டுபோய் அவகிட்ட குடுங்க. அம்மா பேரு கூப்புட்டாச்சுன்னு சொல்லுங்க."

பசியோடு இருந்த நூறு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். நான் போனேன். அதுவரைக்கும் எந்தப் பாட்டையும் எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் நான் போனதில்லை. பாரோய்க்கு அரைமணி நேரம். வீட்டு நம்பர் அங்கம்மாவுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்பைத் தேடினேன், அதற்கு எதிரே கேட்டோரத்தில் நோஞ்சானாக நின்ற கருவேப்பிலையைக் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்தவள் என் சட்டையில் திருநீறு கொட்டியிருப்பதைப் பார்த்ததுமே எங்கிருந்து வருகிறேன் என்று புரிந்துகொண்டாள். "உங்கம்மா பேரு கூப்புட்டாச்சு" என்று சொல்லிப் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி நீட்டினேன். நின்ற இடத்திலேயே படித்தாள். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"நான் சொன்ன மாதிரி எழுதியிருக்கு" என்றாள். "இது எனக்குத் தெரியாதே அண்ணே. அப்பா எங்க உக்காந்தாரு?"

திரும்பிக் கையைக் காட்டினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு. யாரும் இல்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்து, கதவைப் பூட்டினாள்.

"மோட்டார எடுங்க" என்றாள்.